பின்னத்துக்குப் பொன்னாடை

தம்புசாமி கோலாலம்பூரில் மினி பஸ் ஓட்டினார். உலகத்தைப் பற்றி அவருக்கு எளிய நம்பிக்கை ஒன்று இருந்தது. ஒருவரிடம் ஒரு பொருள் இருந்து, அது நமக்கு வேண்டுமென்றால் போய்க் கேட்க வேண்டும். இஷ்டமிருந்தால் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் இல்லை என்பார்கள். இந்த இரண்டையும் விட்டால் மூன்றாவதாக ஒன்று உண்டு, அதற்குப் பெயர் விழா என்பதை 1996ஆம் ஆண்டில்தான் அவர் தெரிந்துகொண்டார். தெரியவைத்த பெருமை கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் அறிவியல் மேம்பாட்டு அறவாரியத்துக்கே சேரும். அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிவிடும்.

தம்புசாமியின் மகள் சீதாலெட்சுமி பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குப் பார்வை போய்விட்டது, ஆனால் கணக்கு போகவில்லை. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாள். நவம்பரில் எஸ்டிபிஎம் என்ற இறுதித் தேர்வு. கணக்கில் நல்ல புள்ளி வாங்கினால் பல்கலைக்கழகத்தில் கணிதமே எடுத்துப் படிக்கலாம். அவள் மனம் முழுக்க அதிலேதான் இருந்தது.

கம்போங் மேடான் பகுதியில் இருந்த வீட்டில் அவளுக்கு ஒரு பேசும் கம்ப்யூட்டர் இருந்தது. யாரோ நல்ல மனிதர் இரவல் கொடுத்தது. சாதாரண எழுத்தாக எதைக் கொடுத்தாலும் வரிவரியாக ஆங்கிலத்தில் படித்துக் காட்டும். சினிமா நடிகருக்குச் சளி பிடித்த மாதிரி ஒரு குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டே அவள் இயற்பியல் முழுவதையும் முடித்திருந்தாள். கணக்குக்குத்தான் பயிற்சி எதுவும் கம்ப்யூட்டரில் இல்லை. மற்ற பிள்ளைகள் எல்லாரும் அறவாரியம் வெளியிட்ட தடிமனான கணிதப் பயிற்சி நூலை வைத்துப் படித்தார்கள். பன்னிரண்டு பாடம், பாடத்துக்குப் பாடம் பழைய தேர்வுக் கணக்குகள், விடைகளோடு.

தம்புசாமி அறவாரியத்துக்குப் போய், பார்வையில்லாத பிள்ளை, இந்தப் புத்தகம் அவளுக்கு உதவும் என்று சொன்னார். அறவாரியம் உடனே நடவடிக்கை எடுத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சீதாவை மேடைக்கு வரவழைத்து, பொன்னாடை போர்த்தி, அரசு கொடுத்த டத்தோ பட்டம் உள்ள தலைவர் கண்ணப்பன் தம் கைப்படக் கையெழுத்துப் போட்ட புத்தகத்தை அவளிடம் கொடுத்தார். கண் தெரியாத பெண்ணுக்கு அச்சுப் புத்தகம். எல்லாரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சீதா அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல கெட்டி அட்டைப்பா," என்றாள். "ஆனா எனக்கு வேண்டியது இது இல்ல. இத அவங்க கம்ப்யூட்டர்ல டைப் பண்ணித்தானே அச்சடிச்சிருப்பாங்க? அந்த ஃபைல்ல இருக்கிற கணக்கையெல்லாம் சாதாரண எழுத்தா மாத்திக் கொடுத்தா போதும். அதுக்கு ஒரு புரோகிராம் இருக்காம். ஸ்கூல்ல சார் சொன்னாரு."

அறவாரியத்தின் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஜூன் மாதத்தில் தம்புசாமி பாதி நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். உள்ளே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். அதன் முன்னால் குணபூசணி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். நூலை அச்சுக்குக் கோத்துக் கொடுத்தவள் அவள்தான். அவர் சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இது சின்ன வேலை அங்கிள். இதுக்கான புரோகிராமை வெளிநாட்டுல ஒரு யூனிவர்சிட்டிக்காரர் எழுதி ஃப்ரீயா விட்டிருக்கார், நான் எடுத்து வச்சிருக்கேன். பாருங்க, புத்தகத்துல பின்னம் எப்படி இருக்கும்? மேல ஒரு எண், கீழ ஒரு எண், நடுவுல கோடு. வர்க்கமூலத்துக்குத் தலைக்கு மேல கூரை. இதெல்லாம் பேசுற கம்ப்யூட்டருக்குப் புரியாது. இந்தக் கறுப்புத் திரையில ஒரு வரி தட்டி எண்டர் அடிச்சா எல்லாம் நேர் எழுத்தா வந்துடும். மேல் எண், ஒரு சாய்வுக்கோடு, கீழ் எண், எல்லாம் ஒரே வரியில. ஒரு தும்மல் போடுற நேரம்தான்."

சொல்லிக்கொண்டே அவள் விரலைத் தூக்கினாள். அந்த விரல் இறங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து விசைப்பலகையை அப்படியே உருவிக்கொண்டது.

கைக்குச் சொந்தக்காரர் செயலாளர் வல்லிபுரம். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம்தான் அவரை விட்டது, அவர் உத்தியோகத்தை விடவில்லை.

"இந்தப் புரோகிராம் இன்னும் திறப்பு விழா காணேல்ல," என்றார். "திறக்காத ஒன்றை ஓட்டினால் பிறகு எதைத் திறக்கிறது? துணையமைச்சர் வந்து, ஏற்கெனவே ஓடின ஒன்றையா தொடக்கி வைக்கிறது? அது ஏலாது, தம்பி."

"சார், பிள்ளைக்கு நவம்பர்ல பரீட்சை. ஒரு தும்மல் நேரம்னு சொல்றாங்களே."

"தும்மலுக்கும் ஒரு நடைமுறை இருக்கு," என்றார் வல்லிபுரம். அவர் சிரிக்கவில்லை, நகைச்சுவையாகவும் சொல்லவில்லை. விசைப்பலகையை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அறவாரியத்தின் கம்ப்யூட்டர் பிரிவு என்பது, விசைப்பலகை இல்லாத ஒரு கம்ப்யூட்டரும் அதற்கு எதிரே சும்மா உட்கார்ந்திருக்கும் குணபூசணியும் என்றாகிவிட்டது. அவளுக்கு மாதச் சம்பளம் தவறாமல் வந்தது.

செயற்குழுக் கூட்டத்துக்குத் தம்புசாமியையும் கூப்பிட்டார்கள். அவருக்குப் "பயனாளி" என்று பெயர் வைத்து, கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். டத்தோ கண்ணப்பன் உள்ளே வந்தபோது எல்லாரும் எழுந்தார்கள். மின்விசிறியைக் கூட யாரோ ஒருவர் மரியாதைக்காக நிறுத்தினார். டத்தோவுக்கு வியர்த்ததும் மறுபடி போட்டார்.

குணபூசணி எழுந்து, புரோகிராமுக்கு இரண்டு வழி உண்டு என்று விளக்கினாள். பின்னத்தை ஒரே வரியில் படுக்கவைக்கலாம். அல்லது புத்தகத்தில் இருப்பது போலவே மேல் வரியில் ஒன்று, அடுத்த வரியில் சின்னச் சின்னக் கோடுகள், அதற்கடுத்த வரியில் இன்னொன்று என்று அடுக்கலாம். "சீதாலெட்சுமிக்கு ஒரே வரிதான் உதவும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

டத்தோவின் முகம் இறுகிப்போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"பின்னம்னா என்ன?" என்று ஆரம்பித்தார். "மேல ஒருத்தர், கீழ ஒருத்தர், நடுவுல ஒரு கோடு. அந்தக் கோடு இருக்கிறதாலதான் யாரு மேல, யாரு கீழன்னு தெரியுது. நான் இத்தனை வருஷமா சமூக சேவையில இருக்கேன். எதுக்காக இருக்கேன்? அந்தக் கோட்டைக் காப்பாத்துறதுக்காகத்தான் இருக்கேன். இந்தப் பொண்ணு என்னடான்னா மேல இருக்கிறவரையும் கீழ இருக்கிறவரையும் ஒரே வரியில உட்கார வைக்கணும்கிறா. இது கணக்கு இல்லம்மா. இது கம்யூனிசம்."

மேடை ஒழுங்குப் பிரிவின் தலைவர் சாத்தப்பன் உடனே எழுந்தார். எந்த விழாவில் யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதை முடிவு செய்வதே அவர் வாழ்க்கை. முதல் வரிசையில் இடம் கிடைக்காமல் போனவர்கள் அவரோடு பேசுவதில்லை. அதனால் ஊரில் பாதிப்பேர் அவரோடு பேசுவதில்லை.

"டத்தோ சொல்றது நூத்துக்கு நூறு சரி. நாளைக்கு டத்தோவையும் இந்த பஸ் டிரைவர் அண்ணனையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வச்சு நடுவுல ஒரு சாய்வுக்கோடு போட்டா பார்க்கிறதுக்கு எப்படி இருக்கும்? அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க."

"நான் ஒண்ணும் நினைக்கலங்க," என்றார் தம்புசாமி. நினைப்பதற்கு அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அறவாரியம் வெளியிடும் எந்தக் கணக்கிலும் மேலெண்ணும் கீழெண்ணும் ஒரே வரியில் அமரக் கூடாது என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தம்புசாமி கை தூக்கினார். பயனாளிகள் கேள்வி நேரத்தில் மட்டுமே பேசலாம் என்றார் வல்லிபுரம். கேள்வி நேரம் எப்போது என்று கேட்டார் தம்புசாமி. அதைக் கேள்வி நேரத்தில்தான் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. பிறகு வடையும் கேசரியும் வந்தன. கூட்டத்திலேயே கட்டுப்பாடு இல்லாமல் நடந்தது அது ஒன்றுதான்.

வீட்டில் சீதா நடந்ததையெல்லாம் கேட்டாள்.

"அடுக்கி வச்சா எனக்கு ஆகாதுப்பா," என்றாள். "கம்ப்யூட்டர் மேல் வரிய முழுசா படிக்கும். அப்புறம் கோடு கோடுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அப்புறம் கீழ் வரிய முழுசா படிக்கும். எது எதுக்குக் கீழ இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இப்போதுதான் தம்புசாமிக்கு விஷயம் புரிந்தது. மறுநாளே மறுபடியும் மாடி ஏறினார். மகள் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் வல்லிபுரத்திடம் ஒப்பித்தார். வல்லிபுரம் கவனமாகக் கேட்டார். கவனமாகக் கேட்பதில் அவருக்கு நிகர் கிடையாது.

"நியாயமான விசயம்," என்றார். "தீர்மானத்தைத் திருத்தலாம். அதற்கு அடுத்த கூட்டம் வேணும்."

"அடுத்த கூட்டம் எப்ப சார்?"

"திறப்பு விழா முடிஞ்ச பிறகு."

விழாவுக்கு நாள் குறிக்கும் வேலை ஒரு தனிக் கலை. ஜூலையில் துணையமைச்சருக்கு நேரமில்லை. ஆகஸ்டில் நேரம் இருந்தது, ஆனால் அன்று டத்தோவுக்குக் கோல்ஃப். செப்டம்பரில் இருவருக்கும் தோதாக ஒரு நாள் கிடைத்தது. அன்று அஷ்டமி என்று சாத்தப்பன் கண்டுபிடித்தார். அறிவியல் மேம்பாட்டு அறவாரியம் அஷ்டமியில் அறிவியலை மேம்படுத்தலாமா என்று ஒரு மாலை நேரம் முழுக்க விவாதித்து, கூடாது என்று முடிவு செய்தார்கள். அக்டோபரில் அழைப்பிதழ் அச்சாகி வந்தது. அதில் டத்தோவின் பட்டங்களில் ஒன்று விட்டுப்போயிருந்ததால் திரும்ப அச்சடிக்க வேண்டியதாயிற்று. தம்புசாமி பஸ்ஸை ஓட்டிக்கொண்டே இருந்தார். பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையைத் தாண்டும்போதெல்லாம் பூக்கடைக்கு மேலே அந்த ஜன்னலைப் பார்ப்பார். பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சல் ஏறும். பயணிகளில் சிலர் அன்றைக்கு வண்டி ஏன் இப்படிக் குலுங்குகிறது என்று முணுமுணுப்பார்கள்.

இதற்கிடையே ஒத்திகை வந்தது. ஒத்திகையில் ஒரு பெரிய குறை தெரியவந்தது. புரோகிராமில் அமுக்குவதற்குப் பொத்தான் இல்லை.

"பொத்தான் இல்லாம துணையமைச்சர் எதை அமுக்குவாரு?" என்று டத்தோ கேட்டார்.

"டைப் பண்ணணும் டத்தோ," என்றாள் குணபூசணி. "ஒரே ஒரு வரிதான்."

"துணையமைச்சர் டைப் பண்ணுவாரா? அவரு என்ன கிளார்க்கா?"

கிள்ளானிலிருந்து பழனியப்பன் என்ற மின்வேலைக்காரரைக் கூட்டிவந்தார்கள். சோற்றுப் பானை அளவில் ஒரு சிவப்புப் பொத்தான் செய்துகொடுத்தார். அதை அமுக்கினால் சுற்றிலும் பல்புகள் எரியும், ஒரு மணி அடிக்கும், இரண்டு பக்கமும் புகை வரும். கம்ப்யூட்டருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. குணபூசணி மேடைத் திரைச்சீலைக்குப் பின்னால் விசைப்பலகையோடு உட்கார்ந்து, மணி சத்தம் கேட்டதும் உண்மையான வரியைத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

"எவ்வளவு நேரம் ஓடும்?" என்றார் டத்தோ.

"உடனே முடிஞ்சிடும்."

டத்தோ திடுக்கிட்டார். "உடனேன்னா? நாதஸ்வரக்காரர் மூச்சு இழுக்கிறதுக்குள்ள முடிஞ்சிடுமா? பேப்பர்காரங்க படம் எடுக்க வேணாமா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க, இவ்வளவு சுலபமான வேலைக்கா இவ்வளவு பெரிய விழான்னு கேட்க மாட்டாங்களா?"

கேட்க மாட்டார்களா என்று டத்தோ கேட்டதைத் தம்புசாமி ஒரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக டத்தோவின் வாயிலிருந்து ஓர் உண்மை வந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. டத்தோ மட்டும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

புரோகிராமை மெதுவாக ஓடவைக்க வேண்டும் என்று குணபூசணிக்கு உத்தரவு. வல்லிபுரம் அலமாரியைத் திறந்து விசைப்பலகையை எடுத்துக் கொடுத்து, அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வோர் எழுத்தையும் பார்த்தார். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வேகமாக ஓட வேண்டும் என்று மெனக்கெட்டு எழுதிய ஒன்றை, நாதஸ்வரத்தில் ஒரு மல்லாரி வாசித்து முடிக்கும் நேரம் ஓடுமாறு அவள் நொண்டியாக்கினாள். வேலை முடிந்ததும் விசைப்பலகை மறுபடி அலமாரிக்குள் போனது.

"உங்க பொண்ணுகிட்ட சாரி சொல்லுங்க அங்கிள்," என்றாள், படியிறங்கும்போது. "படிச்ச படிப்புக்கு இந்த வேலை செய்ய எனக்கே அசிங்கமா இருக்கு."

விழா ஒருவழியாக நவம்பரில் நடந்தது. தீபாவளி முடிந்த வாரம், கணக்குத் தேர்வுக்குச் சில நாள் முன்னால். மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் டத்தோக்கள், இரண்டாம் வரிசையில் டத்தோ ஆகப்போகிறவர்கள், மூன்றாம் வரிசையில் ஆகாமல் போனவர்கள். அறவாரியத்தின் கம்ப்யூட்டரோடு சீதாவின் பேசும் கம்ப்யூட்டரையும் லோரியில் ஏற்றி மேடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பேசும் கம்ப்யூட்டரின் வாயில் ஓர் ஒலிவாங்கியை வைத்திருந்தார்கள். சீதாவை அதன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். தம்புசாமிக்குக் கடைசி வரிசைக்கும் பின்னால், தண்ணீர்ப் பீப்பாய் பக்கத்தில் இடம் கிடைத்தது.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரையில் யார் யாரை வரவேற்கிறோம் என்ற விவரம் மட்டும் பயணிகள் ரயில் கிள்ளானுக்குப் போய்த் திரும்புகிற அளவு நீண்டது. துணையமைச்சர் தாமதமாக வந்தார். அதனால் அவருக்கு இன்னொரு வரவேற்பு. பிறகு அறவாரியத்தின் கம்ப்யூட்டருக்கு டத்தோ பொன்னாடை போர்த்தினார். பொன்னாடை திரையை மூடிவிட்டது. அதை விலக்க யாருக்கும் தைரியம் இல்லை.

டத்தோ ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"உலகத்திலேயே முதன்முறையாக, உங்கள் அறவாரியம் கண்டுபிடித்த இந்தத் தொழில்நுட்பம், இருண்டு கிடக்கும் கண்களுக்கு ஒளி கொடுக்கப்போகிறது. ஏழைகளுக்கு நான் ஒன்று சொல்வேன். உங்களுக்கு உதவி வேண்டும் என்றால் காத்திருக்கப் பழகுங்கள். நீங்கள் காத்திருந்தால்தான் நாங்கள் வர முடியும். நீங்களே போய்ச் சேர்ந்துவிட்டால் எங்களுக்கு என்ன வேலை?"

பலத்த கைதட்டல்.

துணையமைச்சர் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பல்புகள் எரிந்தன, மணி அடித்தது, புகை வந்தது, நாதஸ்வரம் முழங்கியது. திரைச்சீலைக்குப் பின்னால் குணபூசணி தட்டினாள். நொண்டிப் புரோகிராம் நொண்டிக்கொண்டே ஓடி முடித்தது. டிஸ்கை ஒரு வெள்ளித் தாம்பாளத்தில் பூவோடு வைத்துக் கொண்டுவந்தார்கள். சீதா பூவை ஒதுக்கிவிட்டு டிஸ்கைத் தேடி எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் போட்டாள்.

முதலில் நூலின் தொடக்கத்திலிருந்த டத்தோவின் வாழ்த்துரை வந்தது. அது தமிழில் இருந்தது. பேசும் கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. "பெர்சென்ட், பெர்சென்ட், அட், கொஸ்டின் மார்க்," என்று சளிக்குரலில் மண்டபம் முழுக்க ஒலித்தது. டத்தோ பெருமிதத்தோடு தலையாட்டினார். அடுத்து முதல் கணக்கு.

"எக்ஸ் பிளஸ் ஒன். ஃபைவ். டேஷ் டேஷ் டேஷ் டேஷ் டேஷ். டேஷ் டேஷ் டேஷ். எக்ஸ் மைனஸ் டூ. எக்ஸ்."

யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். மண்டபம் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு டேஷுக்கும் கைதட்டல் கூடியது. சாத்தப்பன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறிவிப்பாளர் ஒலிவாங்கியைச் சீதாவின் வாயருகே நீட்டினார்.

"இதுல எனக்கு ஒண்ணும் புரியல," என்றாள் சீதா, நிதானமாக. "எது மேல எது கீழன்னு தெரியல. இத வச்சுப் படிக்க முடியாது. நாங்க இத முன்னாடியே சொன்னோம்."

அறிவிப்பாளர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மாணவி உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்," என்றார் அறிவிப்பாளர். "ஆனந்தத்தில் அவருக்குப் பேச்சு வரவில்லை. அனைவருக்கும் கீழே விருந்து ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு மண்டபத்தில் நின்றவர்கள் யாருமில்லை. பிரியாணி வாசனை ஏற்கெனவே மேலே வந்திருந்தது. துணையமைச்சருக்கு முன்னால் யாரும் போகக் கூடாது என்று கூவிக்கொண்டே சாத்தப்பன் துணையமைச்சருக்கு முன்னால் ஓடினார். வல்லிபுரம் இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு இறங்கினார். தம்புசாமி கூட்டத்துக்கு எதிர்த்திசையில் முண்டியடித்து மேடைக்குப் போனார். மகளை அத்தனை பேருக்கு முன்னால் ஒரு வேடிக்கைப் பொருளாக உட்காரவைத்துவிட்டோமே என்று தன்மேல்தான் முதலில் கோபம் வந்தது.

மேடையில் சீதா மட்டும் இருந்தாள். "அப்பா, குணா அக்கா இருக்காங்களா?" என்றாள்.

குணபூசணி திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள். விழாவுக்காக எடுத்த விசைப்பலகை இன்னும் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தது. அதைப் பூட்ட வேண்டியவர் கீழே கோழிக்கால் தேடிக்கொண்டிருந்தார். குணபூசணி பொன்னாடையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டாள். மெதுவாக ஓடவைத்த வரிகளைத் தூக்கி எறிந்தாள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினாள், எண்டர் அடித்தாள். தம்புசாமிக்குத் தும்மல் வரவில்லை, வந்திருந்தாலும் அதற்குள் முடிந்திருக்கும்.

டிஸ்க் சீதாவின் கம்ப்யூட்டருக்குள் போனது. ஒலிபெருக்கி இல்லாமல், சின்னக் குரலில் வந்தது.

"ஓபன் பிராக்கெட் எக்ஸ் பிளஸ் ஒன் குளோஸ் பிராக்கெட் ஸ்லாஷ்..."

சீதா கேட்டாள். அடுத்ததையும் கேட்டாள். பிறகு விடையைச் சொன்னாள்.

"இவ்வளவுதானா?" என்றார் தம்புசாமி.

"இவ்வளவுதான் அங்கிள்," என்றாள் குணபூசணி. "ஜூன்லயும் இவ்வளவுதான் இருந்துச்சு." சொல்லிவிட்டு விசைப்பலகையைக் கழற்றி, தாம்பாளத்தில் பூவுக்கு நடுவே வைத்தாள். அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை.

அவர்கள் வெளியே வந்தபோது கீழே ஒலிபெருக்கியில் பயனாளி மாணவி புகைப்படத்துக்கு வரவும் என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். தம்புசாமி காது கேட்காதவர் போல மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டு நாள் கழித்துப் படம் பத்திரிகையில் வந்தது. மனைவி நல்லம்மாள் அதை விரித்து வைத்துக்கொண்டு முழித்தாள். டத்தோ டிஸ்க் கொடுக்கிறார், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் வாங்குகிறாள். கீழே சீதாலெட்சுமி தம்புசாமி என்று போட்டிருந்தது. படத்தில் இருந்தது சாத்தப்பனின் மகள் உமையாள்.

"இந்தப் புள்ளைக்குக் கண்ணு நல்லாத்தானேங்க தெரியும்? போன மாசம் கூட பாசார்ல காய் வாங்குறப்ப பார்த்தேனே," என்றாள் நல்லம்மாள்.

"அன்னைக்கு ஒரு நாள் தெரியாம இருந்திருக்கும்," என்றார் தம்புசாமி.

சீதா எதையும் காதில் வாங்கவில்லை. கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் அது அப்படியே ஆறிப்போகும். நல்லம்மாள் ஊட்டிவிட்டால் மென்றுகொண்டே விடை சொல்லுவாள். கெட்டிக்காரிதான். ஆனால் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் பன்னிரண்டு பாடம் பன்னிரண்டு பாடம்தான், அதற்கென்று ஒரு நேரம் வேண்டும்.

தேர்வன்று தம்புசாமி முழு நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தார். பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். சீதா ஒரு தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டார்.

"எப்படிம்மா?"

"நாலு பாடம் முடிச்சிருந்தேன்ல, அதுல வந்ததெல்லாம் போட்டுட்டேன். ஒண்ணு கூட தப்பு இருக்காது."

"மிச்சம்?"

"மிச்சத்த விழா தின்னுடுச்சுப்பா."

தம்புசாமிக்குப் பிரிக்பீல்ட்ஸ் போய் அந்த மாடி ஏறி, எவன் சட்டையையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. யார் சட்டையை? டத்தோவைப் பிடித்தால் தீர்மானம் என்பார், வல்லிபுரத்தைப் பிடித்தால் நடைமுறை என்பார், சாத்தப்பனைப் பிடித்தால் அஷ்டமி என்பார். அங்கே பிடிப்பதற்கு ஒரு மனிதன்கூடக் கிடையாது. அவர் மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு சீதாவே அவர் கையை அழுத்தினாள்.

"அடுத்த வருஷம் திரும்ப எழுதுறேன்பா. ஃபைல்தான் இப்ப நம்மகிட்ட இருக்கே. ஆனா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கேள்விப்பட்டாங்கன்னா உதவி செய்ய வந்துடுவாங்க."